ஒற்றை ஊசியில் நிற்கும் உயிர்

சென்ற தவணையில் ஒரு தந்தையார் எம்மிடம், “மாஸ்டர், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்தாற் போதாதா? விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லத்தான் முடியுமா?” என வினவினார். அன்று மறுமொழி கூறாது, அதனை இம்மலருக்கென வைத்திருந்தோம்.

யுத்தம் எம்மை இடம்பெயர்க்கு முன்னர், மன்னார்க் கரையில் அலை ஒதுக்கிய கடற்பஞ்சினை மேசைமீது வைத்து, விலங்கியலைத் தமிழிலேயே கற்பித்தோம். இன்று அதன் ஆழ்கடல் உறவினர் ஒருவரை அறிமுகஞ் செய்வோம்.

ஜெபல் அலியில் நாம் காணும் வளைகுடாக் கடல் ஆழங் குறைந்தது. சராசரி ஆழம் ஏறத்தாழ 35 மீற்றரே. ஹோர்முஸ் நீரிணையைக் கடந்து அரபிக்கடலை அடைந்தாலோ ஆழம் ஆயிரக்கணக்கான மீற்றராகும். கதிரவனொளி எட்டாத அத்தகைய ஆழமே நமது உயிரினத்தின் இல்லம்.

1898ஆம் ஆண்டு ஜேர்மனியிலிருந்து புறப்பட்ட ‘வால்டிவியா’ என்னும் ஆய்வுக்கப்பல், 1899 பெப்ரவரியிற் கொழும்பைத் தொட்டுப் பின்னர் கிழக்காபிரிக்கக் கரையோரமாகத் திரும்பியது. அக்கரைக்கு அப்பால், 1600 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து நீண்ட கண்ணாடிக் கோல் தாங்கிய கடற்பஞ்சுகள் வலையில் வந்தன. விலங்கியலறிஞர் சுல்ட்சே 1904இல் அதனை விவரித்து, ‘மொனோராஃபிஸ் சுனி’ எனப் பெயரிட்டார். முற்பகுதிக்கு கிரேக்க மொழியில் ‘ஒற்றை ஊசி’ என்பது பொருள். பிற்பகுதி பயணத் தலைவர் கார்ல் சுன் அவர்களின் நினைவாக அமைந்தது.

உடலமைப்பு

கடலடி மென்சேறானது, வேரூன்றப் பாறையில்லை. ஆதலால் இவ்வுயிர் ஒரேயொரு பேரூசியைச் சேற்றில் நாட்டி, அதனைச் சூழ்ந்து தன் உடலை உருளை வடிவில் வளர்க்கிறது. அவ்வூசி 3 மீற்றர் வரை நீளலாம், தடிப்போ விரலளவே. நடுவில் மெல்லிய புரத இழை; அதன்மேல் வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகச் சிலிக்காப் படலங்கள். கண்ணாடிக்கும், இப்பாலை மணலுக்கும் முதன்மையான மூலப்பொருள் இச்சிலிக்காவே.

இதற்கு வாயில்லை, வயிறில்லை, இதயமில்லை, நரம்புமில்லை. எண்ணற்ற நுண்துளைகளால் நீரை உள்வாங்கி, நுண்ணுணவை வடித்தெடுத்து, ஒரு பக்கத்தில் வரிசையாக அமைந்த பெருவாய்களால் நீரை வெளியேற்றுகிறது. உடலின் பெரும்பகுதியில் கலங்களிடையே சுவரில்லை. பல கருக்கள் ஒரே மென்வலையில் கலந்துறைகின்றன.

வகைப்பாடு

கடற்பஞ்சு தாவரமோ விலங்கோ என அறிஞர் நெடுங்காலம் மயங்கினர். 1765இல் ஜோன் எல்லிஸ் என்பார் அதனுள் நீர் புகுந்து வெளியேறுவதைக் கண்டு விளக்கினார். இன்று அது விலங்கு இராச்சியத்தில் துளையுடலிகள் என்னும் கணத்தைச் சேர்ந்தது. (கணம் என நாம் ஈழத்திற் கற்றதைத் தமிழகப் பாடநூல்கள் தொகுதி என்னும்.)

இக்கணத்தில் நான்கு வகுப்புகள் உள. வெளித்தோற்றம் ஏமாற்றும், ஆகவே நுணுக்குக்காட்டியில் உடலின் நுண்ணூசிகளை நோக்கவேண்டும். மாணவர்களே, மூன்று ஈர்க்குகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நடுவிற் கட்டிப் பாருங்கள். ஆறு முனைகள் கிடைக்கும். இவ்வடிவ ஊசி சிலிக்காவால் ஆயின் அது அறுகதிர்க் கடற்பஞ்சு, அதாவது கண்ணாடிக் கடற்பஞ்சு வகுப்பு. இருமுனையிலும் குடை விரித்தாற் போன்ற நுண்ணூசிகளும் இருப்பின் அதன் வருணம் தெரியும். அந்த ஒற்றைப் பேரூசி குடும்பத்தையும் சாதியையும் காட்டிவிடும்.

கிழக்குச் சீனக் கடலில் 1986இல் எடுக்கப்பட்ட ஓர் ஊசியை ஆராய்ந்தோர், அதன் வயது ஏறத்தாழ 11,000 ஆண்டு, மூவாயிரம் கூடலாம் குறையலாம் என 2012இல் அறிவித்தனர். கடல்நீரின் பண்டைய வெப்பநிலை மாற்றங்களையும் அதன் படலங்களிலிருந்து கணித்தனர். இழுவை வலையொன்று அதனை ஒரு நொடியில் முறித்துவிடும். நெடுங்காலம் வளர்ந்தது நொடியிற் சிதைவதை நிலத்திலே கண்டவர்கள் நாம். ஆழ்கடலைக் காக்கவேண்டியதன் அவசியத்தை எமக்குப் பிறர் உரைக்க வேண்டியதில்லை.

வினவிய தந்தையாருக்கு எமது மறுமொழி இதுவே: இக்கட்டுரையைப் பிள்ளையுடன் அமர்ந்து வாசியுங்கள், பின் மூன்று ஈர்க்குகளைக் கொடுத்து, பிள்ளையையே தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.