முக்குளிப்புப் படகில் எத்தனை சிலிண்டர் ஆக்சிஜன்?

கடலடியில் அழுத்தம் மிகும்போது முக்குளிப்பவரின் இரத்தத்திலும் திசுக்களிலும் கரையும் நைட்ரஜன், அவர் விரைந்து மேலேறினால் குமிழிகளாகப் பிரிந்து மூட்டுவலி, மரமரப்பு, சில வேளைகளில் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடுகிறது. அழுத்தக்குறைவு நோய் எனப்படும் இதற்கு உரிய முதலுதவி, கலப்பற்ற ஆக்சிஜனைத் தாமதமின்றிச் சுவாசிக்கச் செய்வதாகும். அது நைட்ரஜன் நுரையீரல் வழியே வெளியேறுவதை விரைவுபடுத்திக் குமிழிகளைச் சுருக்குகிறது.

ஒரு சிலிண்டர் போதும் என்ற எண்ணம் கணக்கின் முன் நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டின் வெளிவிளிம்பிலிருந்து கெய்ன்ஸ் கரைக்குத் திரும்பப் படகுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகலாம். நோயாளியை மீண்டும் உயர் அழுத்தத்தில் வைத்துச் சிகிச்சை தரும் அறை கொண்ட பொது மருத்துவமனையோ சுமார் 350 கி.மீ. தள்ளி டவுன்ஸ்வில்லில் இருக்கிறது. ஆக்சிஜன் தேங்கும் பை இணைந்த மாஸ்க், மூச்சிழுக்கும்போதும் அந்தப் பை சுருங்கிவிடாமல் நிறைந்திருக்க நிமிடத்துக்கு 15 லிட்டர் கேட்பதால், 680 லிட்டர் சிலிண்டர் 45 நிமிடத்தில் காலியாகிவிடும். எனவே கரை சேரும்வரை ஒருவருக்கு மட்டுமே 1,800 லிட்டர், அதாவது 3 சிலிண்டர்கள் வேண்டும். முக்குளிப்போர் இணையாகவே இறங்குவதால், ஒரே ஆழத்தில் ஒரே நேரம் இருந்த இருவரும் நோயுறக்கூடும். அப்போது 6 சிலிண்டர்கள். மூச்சிழுக்கும்போது மட்டும் திறக்கும் வால்வு விரயத்தைப் பெரிதும் தடுக்குமெனினும், தானாக நன்கு சுவாசிக்க இயலாதவருக்கு அது பயன்படாது.

படகேறுமுன் மொத்தம் எத்தனை லிட்டர் உள்ளது, அழுத்தமானி என்ன காட்டுகிறது, கருவியை இயக்கத் தெரிந்தவர் யார் என்பதை ஒவ்வொரு பயணியும் தயங்காமல் கேட்டறிய வேண்டும்.