உணவு ஒவ்வாமை: உடனே செய்யவேண்டுவன

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் நிலக்கடலை யாவருக்கும் பழகிய உணவு. பள்ளிச் சத்துணவில் முட்டையும் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் இடம்பெற்றுள்ளன. இவை உடலை வளர்க்கும் நல்லுணவுகளே. ஆயினும் சிலருக்கு இவற்றுள் ஏதேனும் ஒன்று ஒவ்வாமற் போவதுண்டு. தீங்கற்ற உணவைப் பகையெனக் கருதி உடல் எதிர்ப்பதே இதற்குக் காரணம். உணவு கெட்டிருக்க வேண்டுமென்பதில்லை. அறியாமல் உண்ட சிறிதளவும் போதும்.

உடம்பில் தடிப்பும் அரிப்பும் கண்டால் நம் மக்கள் 'காணாக்கடி' என்பர். வெற்றிலையும் மிளகும் கொடுத்துப் பொறுத்திருப்பர். தடிப்பு மட்டுமெனில் பெரும்பாலும் அபாயமில்லை. எனினும் அருகிலிருந்து கவனித்தல் அவசியம். குரல் கம்முதல், நாக்கு வீங்குதல், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அது உயிருக்கு ஆபத்தாகும். தடிப்பே இல்லாமலும் இந்நிலை வரலாம். பிரெஞ்சு அறிஞர்களான ரிஷேயும் போர்த்தியேயும் 1902இல் இதற்கு 'அனபிலாக்சிஸ்' எனப் பெயரிட்டனர். இவ்வாராய்ச்சிக்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

இதற்குரிய முதல் மருந்து, தொடைத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசியாகும். அது தாழ்ந்த இரத்த அழுத்தத்தை உயர்த்தி, சுருங்கிய மூச்சுக் குழாய்களை விரிக்கிறது. அரிப்புக்குரிய மாத்திரை இவ்வேலையைச் செய்யாது. ஆகவே ஊசி கிடைக்குமிடத்தை விரைவில் அடைவதே நம் கடமை.

உடனே செய்யவேண்டுவன:

1. 108 எண்ணுக்குத் தொலைபேசி செய்து, மூச்சுத் திணறலையும் மயக்கத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

2. நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால், கால்களை நீட்டிச் சாய்ந்து உட்காரச் செய்யுங்கள். வாந்தியோ நினைவிழப்போ இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

3. எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். இரு சக்கர வண்டியில் இடையே உட்காரவைத்துச் செல்லுதலும் தகாது. இரத்த அழுத்தம் வீழ்ந்த நிலையில் நிமிர்த்தினால் இதயம் நின்றுவிடக் கூடும்.

4. வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். பச்சிலையோ நீரோ புகட்டாதீர்கள்.

5. என்ன உண்டார், எப்பொழுது உண்டார் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள்.

சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப் பகுதிகளில் முன்னேற்பாடு இன்றியமையாதது. வண்டி வந்து நிற்கக்கூடிய இடம் எது, கயிற்றுக் கட்டிலில் தூக்கி வருவோர் யார், படுக்கவைத்துச் செல்ல ஊரில் எவ்வண்டி உண்டு என்பவற்றை ஊரார் கூடி இன்றே முடிவு செய்தல் வேண்டும். ஆபத்து வந்தபின் ஆலோசிக்க நேரமிராது.

ஊசி போட்டதும் நலமடைந்தவருக்குச் சில மணி நேரத்தில் மீண்டும் அதே துன்பம் வரலாம். மருத்துவர் அனுப்பும் வரை மருத்துவமனையிலேயே இருத்தல் வேண்டும்.

ஒரு குழந்தைக்கு ஒவ்வாத உணவைப் பெற்றோர் ஆசிரியரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் அறிவிக்கவேண்டும். அவ்வுணவில் பட்ட கரண்டியையும் அக்குழந்தைக்குப் பயன்படுத்தலாகாது. ஆனால் அச்சத்தால் எல்லாக் குழந்தைகளுக்கும் முட்டையையும் கடலையையும் நிறுத்திவிடுதல் முறையன்று. ஒவ்வாதவருக்கு மட்டும் விலக்கி, ஏனையோருக்குக் குறைவின்றி வழங்குவோமாக.