பழைய மடிக்கணினிக்குப் புது இணைப்பு: கார்டு வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை



"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா" என்பார்கள் நம் பெரியவர்கள். எழுதி வைத்த கடனாக இருந்தாலும், எழுதிய இடத்திலிருந்து எடுக்க முடியாமல் போனால் அதுவும் எழுதாத கடன்தான். இதை நாங்கள் 2023ஆம் ஆண்டில் நேரில் தெரிந்துகொண்டோம்.

விருதுநகரில் பருப்பு, வத்தல் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். 1999ல் ஒரு பழைய மடிக்கணினியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். விண்டோஸ் 95 உள்ள மெஷின். அதில் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய கணக்குப் புரோகிராம் ஒன்றைப் போட்டு, வாடிக்கையாளர் பற்று வரவு முழுவதையும் ஏற்றினோம். 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் வாட் வரி வந்தபோது புதுக் கணினிக்கு மாறினோம். பழைய கணக்கு பழைய மெஷினிலேயே தங்கிவிட்டது. கிட்டங்கியில் இருந்த பேரேடுகளைக் கரையான் தின்றுவிட்டது.

2023ல் சாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். அவருடைய தகப்பனார் நம்மிடம் சரக்கு எடுத்து மளிகைக் கடை நடத்தியவர், அப்போதுதான் காலமாகியிருந்தார். "அண்ணாச்சி, அப்பா டைரியில உங்க கடை பேருக்கு நேரா 18,400 ரூபாய் பாக்கின்னு எழுதியிருக்கு. வாங்கிக்கிட்டுக் கணக்கை முடிச்சு விடுங்க" என்று பணத்தை மேஜை மீது வைத்தார்.

பரணில் கிடந்த மெஷினை இறக்கி, தூசி தட்டி, மூன்றாவது முறை போட்டபோது திரை வந்தது. அவர் பேரைத் தட்டிப் பார்த்தால், டைரியில் எழுதிய தேதிக்குப் பிறகு இரண்டு தவணையாக 11,500 ரூபாய் ரொக்க வரவு இருக்கிறது. மீதி 6,900தான். அந்த மெஷின் அன்றைக்கு வேலை செய்யாமல் போயிருந்தால், 11,500 ரூபாய் பாவத்தை வாங்கிக் கல்லாவில் போட்டிருப்போம்.

மறுநாளே மெஷினின் ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. உள்ளே இன்னும் பல நூறு பேர் கணக்கு இருக்கிறது. ஃபிளாப்பி எதையும் அது படிக்கவில்லை. யூ.எஸ்.பி. வாயே அதில் கிடையாது. எப்படி வெளியே எடுப்பது? அந்த மூன்று வாரத்தில் பட்ட பாட்டையும் கற்றதையும் இங்கே எழுதுகிறோம். நம் உறுப்பினர்களில் பலரிடம் இப்படி ஒரு மெஷின் பரணிலோ, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் பக்கத்திலோ இருக்கும் என்பதால் இது பயன்படும்.

முதலில் ஸ்லாட்டைப் பாருங்கள்

பழைய மடிக்கணினியின் பக்கவாட்டில் ஏ.டி.எம். கார்டு நுழையும் அளவுக்கு ஒரு வாய் இருக்கும். இதற்குப் பி.சி. கார்டு ஸ்லாட் என்று பெயர். இதில் போடும் கார்டின் நீள அகலமும் ஏறத்தாழ ஏ.டி.எம். கார்டு அளவுதான், 85.6 மி.மீ. நீளம், 54 மி.மீ. அகலம். கனத்தில் மூன்று வகை உண்டு: 3.3 மி.மீ., 5 மி.மீ., 10.5 மி.மீ. நெட்வொர்க் கார்டுகள் பெரும்பாலும் 5 மி.மீ. கனம் உள்ளவை.

வெளியில் பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இந்த ஸ்லாட்டில் இரண்டு தலைமுறை உண்டு. முதலில் வந்தது 16 பிட் வகை. 1995ல் கார்ட்பஸ் என்னும் 32 பிட் வகை வந்தது. இதில் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: பழைய 16 பிட் கார்டு, கார்ட்பஸ் ஸ்லாட்டிலும் வேலை செய்யும், ஆனால் கார்ட்பஸ் கார்டு, பழைய 16 பிட் ஸ்லாட்டில் நுழையாது. 16 பிட் ஸ்லாட் 5 வோல்ட்டில் ஓடியது. கார்ட்பஸ் கார்டுக்கு வேண்டியது 3.3 வோல்ட். தவறிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே ஓரத்தில் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள்.

எப்படி அடையாளம் காண்பது? கார்டைச் செருகும் முனைக்கு அருகில், மேல் பக்கத்தில், சின்னச் சின்னப் புடைப்புகளோடு தங்க நிறப் பட்டை இருந்தால் அது கார்ட்பஸ். பட்டை இல்லாவிட்டால் பெரும்பாலும் 16 பிட்.

இது தெரியாமல் நாங்கள் முதலில் வாங்கியது கார்ட்பஸ் கார்டு. விற்றவர், "எல்லா லேப்டாப்புக்கும் சேரும்" என்றார். பாதி போய் நின்றுவிட்டது. கடைப் பையன் கட்டைவிரலால் அழுத்தப் போனான். நல்லவேளையாகக் கையைப் பிடித்து நிறுத்தினோம். உள்ளே இருப்பவை 68 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் ஸ்லாட் போய்விடும். நுழையாத கார்டை ஒருபோதும் அழுத்தாதீர்கள்.

2003க்குப் பிறகு எக்ஸ்பிரஸ் கார்டு என்று இன்னொரு வகையும் வந்தது. இது முற்றிலும் வேறு. பி.சி. கார்டு ஸ்லாட்டில் இது சேராது. அது இதில் சேராது.

வை-ஃபை கார்டு கிடைத்துவிட்டால் போதுமா?

போதாது. அடுத்துத் தேடிப் பிடித்து 16 பிட் வை-ஃபை கார்டு ஒன்றை வாங்கினோம். ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது. விளக்கும் எரிந்தது. ஆனால் கடையின் வை-ஃபையில் சேர மறுத்தது. காரணம் பூட்டும் சாவியும் வேறு வேறு காலத்தவை.

அந்தக் காலத்துக் கார்டுகளுக்குத் தெரிந்த பூட்டு வெப் எனப்படுவது. 2001லேயே அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். 2003ல் டபிள்யூ.பி.ஏ., 2004ல் டபிள்யூ.பி.ஏ.2 என்று அடுத்தடுத்துப் பலமான பூட்டுகள் வந்தன. இன்று நம் கடை ரௌட்டர்கள் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 2018ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 பூட்டில் ஓடுகின்றன. 1999, 2000ஆம் ஆண்டுக் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது.

இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கும். எங்கள் கடைக்கு வந்த மெக்கானிக் தம்பி, "ரௌட்டர்ல பூட்டை எடுத்துட்டா உடனே சேர்ந்திடும் அண்ணாச்சி" என்று சொல்லி, நாங்கள் யோசிப்பதற்குள் எடுத்தும்விட்டார். மெஷின் சேர்ந்தது உண்மைதான். ஆனால் அதே வை-ஃபையில்தான் எங்கள் பில் கணினி இருக்கிறது. வங்கிக் கணக்குப் பார்க்கும் போனும் இருக்கிறது. ஒரு பழைய மெஷின் உள்ளே வருவதற்காக, கிட்டங்கிக் கதவையே கழற்றி வைத்தது போல் ஆகிவிட்டது. அரை மணி நேரத்தில் பழையபடி பூட்டச் சொல்லி, பாஸ்வேர்டையும் மாற்றினோம். பழைய மெஷினுக்காகக் கடையின் பூட்டைத் தளர்த்தாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நல்ல வழி எது?

பூட்டைத் திறக்கும் வேலையை மெஷினுக்குக் கொடுக்காமல், வெளியே ஒரு சின்னப் பெட்டிக்குக் கொடுத்துவிடுவதே நல்ல வழி. மெஷினில் வை-ஃபை கார்டுக்குப் பதிலாக, கம்பி செருகும் 16 பிட் லேன் கார்டைப் போட வேண்டும். என்.ஈ.2000 வகைக்கு ஒத்துப்போகும் கார்டாக இருந்தால் விண்டோஸ் 95க்கு உள்ளேயே அதற்கான டிரைவர் இருக்கிறது. பிறகு கைக்கு அடக்கமான பயண ரௌட்டர் ஒன்றை வாங்கி, அதைக் 'கிளையன்ட்' முறையில் வைக்க வேண்டும். அந்த ரௌட்டர் கடை வை-ஃபையோடு இன்றைய பூட்டில் பேசும்; நம் மெஷினோடு கம்பி வழியாகப் பேசும். இருவருக்கும் நடுவில் ஒரு தரகர் மாதிரி. மெஷினுக்கு வை-ஃபை என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டாம்.

லேன் கார்டு வாங்கும்போது அதன் வால் கம்பியையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பல பழைய கார்டுகளில் லேன் கம்பி செருகும் வாய் கார்டில் இருக்காது. தனிக் கம்பியின் முனையில் இருக்கும். அது தொலைந்தால் கார்டு வீண். இன்னொன்று: கார்டைப் போட்டதும் விண்டோஸ் சி.டி.யைப் போடச் சொல்லி மெஷின் கேட்கும். அந்த ஃபைல்கள் ஹார்டு டிஸ்கில் ஏற்கெனவே இருக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்து வையுங்கள்.

இணைப்பு கிடைத்த பிறகும், புதுக் கணினி பழைய மெஷினோடு ஃபைல் பகிர மறுக்கும். பழைய பகிர்வு முறையைப் பாதுகாப்புக்காக இன்றைய விண்டோஸில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைத் திறக்க வேண்டாம். எஃப்.டி.பி. என்னும் பழைய முறையில் அனுப்பலாம்; விண்டோஸ் 95லேயே அதற்கான கட்டளை உண்டு. புதுக் கணினியில் எஃப்.டி.பி. சர்வர் மென்பொருள் ஒன்றை அந்த ஒரு மணி நேரத்துக்கு ஓட விட்டால் போதும்.

கணக்கை மட்டும் எடுக்க வேண்டுமா?

அப்படியானால் நெட்வொர்க்கே வேண்டாம். பழைய கேமராக்களில் போடும் காம்பாக்ட் ஃபிளாஷ் என்னும் நினைவக அட்டையும், அதைப் பி.சி. கார்டு ஸ்லாட்டில் போட ஒரு சாதாரண அடாப்டரும் இருந்தால் முடிந்தது. மெஷின் அதை இன்னொரு டிஸ்க் என்று எடுத்துக்கொள்ளும். 2 ஜி.பி.க்கு மேற்படாத அட்டையாக, ஃபேட் 16 முறையில் ஃபார்மேட் செய்து வாங்குங்கள். நகல் எடுத்த டி.பி.எஃப். ஃபைல்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்கில் திறக்கின்றன.

நாங்கள் முதலில் அட்டையில் எல்லாவற்றையும் நகல் எடுத்தோம். பிறகே லேன் கார்டில் கை வைத்தோம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஹார்டு டிஸ்க் சத்தம் போடும் மெஷினில் முதல் வேலை நகல், மற்றதெல்லாம் அப்புறம்.

2000க்குப் பிந்தைய மெஷின் என்றால்

இவற்றில் கார்ட்பஸ் ஸ்லாட் இருக்கும். யூ.எஸ்.பி. 2.0 கார்டு போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஸ்லாட் கொடுக்கும் மின்சாரம் சில பொருள்களுக்குப் போதாது. கார்டின் ஓரத்தில் தனி மின்கம்பி செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 98 என்றால் பென் டிரைவுக்குத் தனி டிரைவர் போட வேண்டும்.

பல மெஷின்களில் அடிமூடிக்குள் மினி பி.சி.ஐ. என்னும் ஸ்லாட்டும் உண்டு. அதில் வை-ஃபை கார்டு போட்டால் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. மூடியைத் திறக்கும் முன் அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். கார்டில் மாட்டும் ஆன்டெனா கம்பிகள் மெல்லியவை. நேராக மேலே தூக்கிக் கழற்ற வேண்டும். சில கம்பெனி மெஷின்கள் தாங்கள் அனுமதித்த கார்டைத் தவிர வேறு கார்டு போட்டால் கிளம்பவே கிளம்பாது. உங்கள் மாடலுக்கு எந்தக் கார்டு சேரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பழைய வை-ஃபை கார்டுகளில் பல 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையை மட்டுமே பிடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

இணைப்பு கிடைத்துவிட்டது என்பதற்காகப் பழைய மெஷினில் வங்கி வேலையோ ஜி.எஸ்.டி. வேலையோ பார்க்காதீர்கள். விண்டோஸ் 95க்கு 2001லும், 98க்கு 2006லும், எக்ஸ்.பி.க்கு 2014லும் கம்பெனி ஆதரவு முடிந்துவிட்டது. புது ஓட்டைகளை அடைப்பார் இல்லை. பிரிண்ட் எடுக்கவும், பழைய கணக்குப் பார்க்கவும், ஃபைல் அனுப்பவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை, அடாப்டர், லேன் கார்டு, சிறு ரௌட்டர் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒரு மூட்டைத் துவரம்பருப்பின் விலைக்குள் முடிந்தது. தவறாக வாங்கிய இரண்டு கார்டுகளின் காசு தனி. அது படிப்புச் செலவு. இதைப் படிக்கும் உங்களுக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கை வைத்திருக்க வேண்டும். கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே உள்ள நாணயத்துக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. சாத்தூர்த் தம்பி 6,900 ரூபாயைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போனார். எடுத்த கணக்கைப் பிறகு வரிவரியாகப் பார்த்தபோது, நாம் திருப்பித் தர வேண்டிய காலிச் சாக்கு வரவும் நான்கு பேருக்கு இருப்பது தெரிந்தது. மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டோம். நான்காமவரின் குடும்பத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் பரணில் இருக்கும் மெஷினை இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கிப் பாருங்கள். இன்று அது கிளம்பும். அடுத்த வருடம் கிளம்பும் என்று யாரும் சொல்ல முடியாது.