பெருவிரல் அளவு நிலம்

"அப்பா, சில்லு புதையுது!"

இரணைமடுக் குளக்கட்டிலிருந்து இறங்கிக் காட்டோரப் பாதையில் திரும்பிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். கிறவல் முடிந்து செம்மண் தொடங்கும் இடம். முன்சில்லு மணலுக்குள் இறங்கி, ஹாண்டில் ஒரு பக்கம் மடங்கி, ஒற்றைக் காலை ஊன்றியபடி நின்றாள் மகள்.

"காத்தைக் கொஞ்சம் விடு பிள்ளை."

"காத்துப் போனா எப்பிடியப்பா ஓடுறது?"

நல்ல கேள்வி. விடையில் பாதி இயற்பியல். மீதி வட இலங்கையின் வன்னி மண்ணின் வரலாறு.

பிள்ளையும் சைக்கிளுமாக 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாரம் சரிபாதியாகப் பிரிந்தால் ஒரு சில்லுக்கு 20 கிலோ. ரயரில் 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றிருந்தால் அது நிலத்தில் பதியும் பரப்பு ஏறத்தாழ 5 சதுர சென்ரிமீற்றர். ஒரு பெருவிரல் பதியும் இடம், அவ்வளவுதான். அழுத்தத்தை 30 ஆகக் குறைத்தால் பரப்பு இரண்டு மடங்காகிறது. அதே பாரம் கூடிய இடத்தில் பரவுவதால் சில்லு அவ்வளவாகப் புதையாது. தார் வீதியிலோ நிலைமை வேறு. காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் நசிந்து நிமிர்ந்து, நாம் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை வெப்பமாக்கி வீணடிக்கும். மிதமிஞ்சிக் குறைத்தால், கல்லில் ஏறும்போது ரியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் அகப்பட்டு ஓட்டையாகும்.

காற்று ரயர் பரவியதற்குப் பின்னாலும் ஒரு தகப்பனும் பிள்ளையும் இருக்கிறார்கள். ரொபேட் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1840களிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தும் அது வழக்கத்துக்கு வராமல் மறந்துபோனது. பெல்ஃபாஸ்டில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தன் மகனின் மூன்று சில்லுச் சைக்கிள் கரடுமுரடான தரையில் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சில்லைச் சுற்றிக் கட்டினார். 1888இல் காப்புரிமை கிடைத்தது. கெட்டிச் சில்லு கல்லில் ஏறினால் சைக்கிளும் ஆளும் சேர்ந்து எழும்ப வேண்டும். காற்று ரயரோ கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு கடந்துவிடும்.

1970களில் கலிபோர்னியாவின் தமல்பைஸ் மலைச்சரிவில் இளைஞர்கள் பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களை இறக்கி ஓட்டியதிலிருந்து மலைச் சைக்கிள் பிறந்தது. இன்று யூட்டா மாநிலத்தின் கனியன்லாண்ட்ஸ் பூங்காவில், பள்ளத்தாக்குகளின் செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே நாட்கணக்காகச் சைக்கிளில் போகிறார்கள்.

அப்படியொரு பள்ளத்தாக்கு வன்னியில் ஏன் இல்லை? ஆறு நிலத்தை ஆழமாக அறுக்க, அது விழுவதற்கு உயரம் வேண்டும். கொலராடோ பீடபூமி மேலே உயர்ந்ததால்தான் கொலராடோ ஆறு சில இடங்களில் 1.6 கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்துக்கு வெட்ட முடிந்தது. இங்கே அடியில் கிடப்பவை, புவியியலாளர் 'வன்னித் தொகுதி' என்றே பெயரிட்ட, 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறைகள். மலையாக நின்றவை தேய்ந்து தட்டையாகிவிட்டன. வவுனியாவே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் உயரம்தான். அந்தப் பக்கம் தொடங்கிச் சுண்டிக்குளக் கடல்நீரேரியில் சேரும் கனகராயன் ஆற்றுக்கு வெட்டுவதற்கு வலுவில்லை. சுமந்து வந்ததைப் பரப்பத்தான் முடியும்.

மகள் பாதையோரத்திலிருந்து ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கினாள். முனை மழுங்கி உருண்ட கல். அதை அப்படி உருட்டியது ஓடும் தண்ணீர். பழைய ஆறுகள் விட்டுச்சென்ற கூழாங்கல் படுக்கையும் அதன்மேல் காற்றுக் குவித்த செம்மணலும் சேர்ந்த இந்த அடுக்குக்கு உலகப் புவியியலில் 'இரணைமடுப் படிவு' என்று எங்கள் ஊரின் பெயர்தான். தெற்கே பூந்தலவில் இதே படிவில் ஆதிமனிதரின் கற்கருவிகள் கிடைத்தன. அங்குள்ள பழைய அடுக்கின் வயது சுமார் 1,25,000 ஆண்டுகள். செந்நிறம், மணலைப் போர்த்திய இரும்பு ஒட்சைட்டின் நிறம்.

மணலில் பிள்ளை ஏன் சரிந்தாள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சைக்கிள் விழப்போகும் பக்கமாக ஹாண்டில் திரும்புவதால்தான் அது மீண்டும் நிமிர்கிறது. சுழலும் சில்லின் விசைதான் தாங்குகிறது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அது இல்லாமலும் சைக்கிள் தானாக நிமிர்ந்து ஓடும் என்று 2011இல் ஓர் ஆய்வுக்குழு செய்துகாட்டியது. மணலில் புதைந்த முன்சில்லுக்குத் திரும்ப இடமில்லை. ஆகவே பாரத்தைப் பின்னால் வைத்து, கையைத் தளர்த்தி, மிதிப்பதை நிறுத்தாமல் போக வேண்டும்.

ஒரு விதியை மட்டும் பிள்ளையிடம் பலமுறை சொன்னேன்: பாதையை விட்டு விலகாதே. போர் முடிந்தது 2009இல்; மிதிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்டால் வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். புதைந்தவற்றை மாரி வெள்ளம் இடம்மாற்றியும் விடும். பின்நேரமானால் யானை நடமாட்டமும் உண்டு. வெயில் சாயும் முன்பே திரும்பினோம்.

ஏ-9 வீதிக்கு ஏறியதும் அவளாகவே சைக்கிளை நிறுத்தினாள். பெருவிரலால் ரயரை அமத்திப் பார்த்தாள்.

"தார் வந்திட்டுதப்பா. பம்மைத் தாங்கோ."