கிண்ணத்தில் பாதி காய்கறி: வீட்டிலேயே கோழி புரிட்டோ பவுல்

கொஞ்சம் சோறு, மசாலா தடவிக் கல்லில் சுட்ட கோழிக்கறி, வெந்த காராமணி, பச்சைக் காய்கறி, புளிப்பும் காரமுமாகத் தக்காளிக் கலவை, மேலே ஒரு கரண்டி கெட்டித் தயிர். இவற்றை அகலமான கிண்ணத்தில் பக்கம்பக்கமாக வைத்தால் அதுதான் கோழி புரிட்டோ பவுல். மெக்சிகோவின் வடபகுதியில் கோதுமை ரொட்டிக்குள் கறியையும் பயற்றையும் வைத்துச் சுருட்டிச் சாப்பிடுவார்கள், அது புரிட்டோ. அமெரிக்காவுக்குப் போனதும் அது பெருத்தது, சோறும் உள்ளே வந்தது. பிறகு ரொட்டியை விட்டுவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் கிண்ணத்தில் கொடுக்கத் தொடங்கினார்கள். 1993இல் டென்வர் நகரில் தொடங்கிய சிப்போட்லே போன்ற உணவகங்கள் இதை ஊரறியச் செய்தன.

இன்று சென்னையிலும் இது கடையில் கிடைக்கிறது. ஆனால் கடைக் கிண்ணத்தில் பெரும்பாலும் சோறு நிறைய, சாஸும் சீஸும் தாராளம், காய்கறி பெயருக்கு. இது உடம்புக்கு நல்ல உணவாக வேண்டுமானால் வீட்டில் செய்வதே வழி. இதற்காகப் புதுப் பொருள் எதையும் தேடி அலைய வேண்டாம். சோற்றின் அளவைக் குறைத்து, காய்கறியின் அளவைக் கூட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

அத்தோ தெரிந்தவர்களுக்கு இது எளிது

மணலியை அடுத்து, கொசஸ்தலை ஆற்றோரம் இருக்கும் சடையங்குப்பத்தில் இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. அதை ஒட்டியே பர்மா நகர் இருக்கிறது. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகளும் வியாபாரங்களும் அரசுடைமை ஆயின. பிழைப்பை இழந்து கப்பலேறி வந்த தமிழர்கள் வடசென்னையில் பல இடங்களில் குடியமர்ந்தார்கள். அவர்களோடு வந்ததுதான் அத்தோ என்ற நூடுல்ஸ் உணவு.

பாரிமுனைப் பக்கம் அத்தோ கடைக்காரர் செய்வதைக் கவனித்துப் பாருங்கள். நூடுல்ஸ் தனி, பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ் தனி, பொரித்த வெங்காயம் தனி, பூண்டு எண்ணெய் தனி, புளித்தண்ணீர் தனி. கேட்ட பிறகுதான் எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கையால் பிசிறித் தருகிறார். பக்கத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப். குழம்பு கிடையாது. ஆனாலும் புளிப்பு, காரம், மொறுமொறுப்பு மூன்றும் இருப்பதால் வாய் குழம்பைத் தேடுவதில்லை.

புரிட்டோ பவுலும் இதே முறைதான். தனித்தனியாகத் தயார் செய்து, சாப்பிடும் நேரத்தில் சேர்ப்பது. குழம்பு ஊற்றிப் பிசைந்தால் சோறு தானாக உள்ளே போகும், அளவு தெரியாது. பக்கம்பக்கமாக வைக்கும்போது எது எவ்வளவு என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். உடம்பு பார்த்துச் சாப்பிடுபவர்களுக்கு இந்த முறையில் பெரிய லாபம் அதுதான்.

அளவு ஏன் முக்கியம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிதியுதவியுடன் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. அதே ஆய்வுக் குழு 2025இல் நம் சாப்பாட்டைப் பற்றியும் எழுதியது: இந்தியர்கள் உண்ணும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதில் பெரும்பங்கு தீட்டிய அரிசி, மாவு, சர்க்கரை. புரதம் குறைவு.

நம் வீட்டுத் தட்டைப் பார்த்தாலே இது விளங்கும். நடுவில் மலையாகச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு துண்டு கறி. கிண்ணத்தில் இதைத் திருப்பிப் போடுகிறோம்: பாதி காய்கறி, கால் பங்கு சோறு, மீதிக் கால் பங்கில் கோழியும் பயறும்.

நான்கு பேருக்கு வேண்டியவை

புழுங்கல் அரிசி 240 கிராம். எலும்பில்லாத கோழி அரை கிலோ. காராமணி அல்லது ராஜ்மா 100 கிராம். தக்காளி 4, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் 2, கொத்தமல்லி ஒரு கட்டு, எலுமிச்சை 3. முட்டைக்கோஸ் 300 கிராம், கேரட் 2, வெள்ளரிக்காய் 1, குடைமிளகாய் 1, ஸ்வீட் கார்ன் 1. தயிர் ஒரு பெரிய கிண்ணம். எண்ணெய் மொத்தமே 4 டீஸ்பூன்.

மசாலாவுக்குச் சீரகத்தூள் 2 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மல்லித்தூள் 1 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், பூண்டு 6 பல், கற்பூரவல்லி இலை 4. மெக்சிகோ சமையலில் போடும் ஆரிகனோவின் வாசத்துக்குக் காரணமான கார்வக்ரால் என்ற எண்ணெய்ப்பொருள் நம் கற்பூரவல்லியிலும் இருக்கிறது. எனவே தொட்டியில் வளர்வதைக் கிள்ளிப் போட்டால் போதும். கடையில் விற்கும் டாக்கோ மசாலாவில் உப்பு அதிகம், அது வேண்டாம்.

ரேஷன் புழுங்கல் அரிசியே இதற்குப் பொருந்தும். வடித்தால் பருக்கை பருக்கையாக நிற்கும். குதிரைவாலி, சாமை வைத்தும் செய்யலாம். ஆனால் சிறுதானியம் என்பதற்காக அளவைக் கூட்டிவிடக் கூடாது. அதிலும் மாவுச்சத்து இருக்கிறது.

முதலில் பயறு, அடுத்து சோறு

காராமணியை நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, கால் டீஸ்பூன் உப்புடன் மூன்று நான்கு விசில் விடுங்கள். ராஜ்மா என்றால் இரவே ஊறப்போட வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் ஆறேழு விசில் வேகவிடுங்கள். ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. நன்றாகக் கொதித்து வெந்தால் அது அழிந்துவிடும். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இரண்டு விரலால் அழுத்தினால் மசிய வேண்டும். மசியாவிட்டால் மறுபடி குக்கரில் போடுங்கள்.

அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, கொஞ்சம் முன்கூட்டியே வடித்துவிடுங்கள். அகலத் தட்டில் பரப்பி ஆவி போனதும், ஒரு எலுமிச்சையின் சாறும் பொடியாக அரிந்த கொத்தமல்லியும் சேர்த்துக் கிளறுங்கள். சோற்றுக்கு உப்பு வேண்டாம்; புளிப்பு இருக்கும்போது உப்பின் தேவை குறைந்துவிடும்.

கோழி: கல்லில் கூட்டம் கூடாது

கறிக்கடையில் தோல் நீக்கி, எலும்பில்லாமல் கேளுங்கள். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, ஆனால் கொஞ்சம் அதிகம் வெந்தாலும் சக்கையாகிவிடும். தொடைக்கறி மிருதுவாக இருக்கும். பாதிக்குப் பாதி வாங்குவது நல்லது. கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டு நேரே அதனடியில் பிடிக்காதீர்கள். தெறிக்கும் தண்ணீரில் கிருமி தொட்டி, மேடை, பக்கத்துப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் பரவும். பாத்திரத்தில் அலசி, கை, கத்தி, தொட்டி மூன்றையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பச்சையாகச் சாப்பிடும் காயை அதே பலகையில் நறுக்கக் கூடாது.

மசாலாப் பொடிகள், நசுக்கிய பூண்டு, அரிந்த கற்பூரவல்லி, ஒரு எலுமிச்சையின் சாறு, முக்கால் டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசிறி, அரை மணி நேரம் ஃபிரிஜ்ஜில் வையுங்கள்.

இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காயட்டும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவி, துண்டுகளை இடைவெளி விட்டுப் பரப்புங்கள். நெருக்கி அடுக்கினால் கறி தண்ணீர் விட்டு, சுடுவதற்குப் பதில் வேகத் தொடங்கிவிடும். மசாலா கருகிப் பிடிக்கும் அந்த ருசி வராது. எனவே இரண்டு முறையாகப் போடுங்கள். இரண்டாம் முறைக்கு இன்னொரு டீஸ்பூன். போட்டதும் கிளறாதீர்கள். முதலில் கறி கல்லோடு ஒட்டிக்கொண்டு வராது. அடிப்பக்கம் சிவந்ததும் தானே விட்டுக்கொடுக்கும், அப்போது திருப்புங்கள். ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் ஆகும். தடித்த துண்டு ஒன்றை நறுக்கிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது, வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு அளவு 74 டிகிரி செல்சியஸ். எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு நறுக்கினால் சாறு உள்ளேயே நிற்கும்.

அதே கல்லில் மீதி ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, நீளமாக அரிந்த குடைமிளகாயையும் உதிர்த்த சோளத்தையும் மூன்று நிமிடம் வதக்குங்கள். கல்லில் ஒட்டிய மசாலா எல்லாம் அதில் ஏறிவிடும்.

புளிப்பும் மொறுமொறுப்பும்

தக்காளியை இரண்டாக வெட்டி விதைச் சாற்றை எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்குங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, மீதி எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். சால்சா தயார். முட்டைக்கோஸை அத்தோவுக்கு அரிவது போல நூலாக அரியுங்கள். கேரட்டைத் துருவி, வெள்ளரியைச் சிறு துண்டாக்கிக் கலந்துவிடுங்கள். லெட்டூஸ் கீரை இல்லையே என்ற குறையே வராது.

புளிப்பு கிரீமுக்குப் பதில் தயிர். மெல்லிய துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, கெட்டியானதும் ஒரு பல் பூண்டைத் தட்டிச் சேருங்கள். அவகாடோ என்கிற வெண்ணெய்ப்பழம் கொடைக்கானல் பக்கத்திலிருந்து வரும் பருவத்தில் கிடைத்தால் ஒருவருக்குக் கால் பழம் போதும். கிடைக்காவிட்டால் ஒரு ஸ்பூன் வறுத்த வேர்க்கடலை தூவுங்கள்.

கிண்ணம் நிரப்பும் வரிசை

முதலில் காய்கறியைப் போட்டுப் பாதிக் கிண்ணத்தை நிரப்புங்கள். அடுத்து கோழியும் பயறும். கடைசியாக, மிஞ்சிய இடத்தில் சோறு. மேலே சால்சா, தயிர். சோற்றை முதலில் போட்டால் கை பழக்கத்தில் அள்ளிவிடும்.

இப்படிச் செய்த ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ 600 கலோரியும் 35 கிராமுக்குக் குறையாத புரதமும் இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாள் முழுக்கத் தேவைப்படும் புரதம் சுமார் 50 கிராம். உப்பு ஒருவருக்கு 2 கிராமுக்குள் நிற்கும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

ஷிஃப்ட் வேலைக்குக் கட்டிக்கொண்டு போக

மணலி ஆலைகளுக்கும் எண்ணூர் துறைமுகத்துக்கும் டப்பாவோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோற்றில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. நம் ஊர் வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. எனவே சோறு, கோழி, பயறு மூன்றையும் ஆவி பறக்கச் சூடாக ஹாட்பாக்ஸில் அடையுங்கள். காய்கறி, சால்சா, தயிர் வேறு டப்பாவில் போகட்டும். வேலை இடத்தில் ஃபிரிஜ் இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் தயிரை வீட்டிலேயே விட்டுவிட்டு, முதல் இடைவேளையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

யார் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்?

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதம், தக்காளி, பயறு ஆகியவற்றின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றவர்களுக்குத் தடை இல்லை. குழந்தைகளுக்குப் பச்சை மிளகாயை விட்டுவிட்டுக் கொடுங்கள்.

கோழி இல்லாத நாளில் முள் நீக்கிய மீனைக் கல்லில் சுட்டு வைக்கலாம். அவித்த முட்டை இரண்டு, பனீர், சோயா எதுவும் சேரும். மசாலாவும் மாறலாம். காய்கறி பாதி, சோறு கால் என்ற அளவு மட்டும் மாறக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் இப்படிப் பரிமாறிப் பழகுங்கள். பிறகு சாம்பார் சோற்றுக்கும் மீன்குழம்புச் சோற்றுக்கும் பொரியலை முதலில் வைக்கும் பழக்கம் வந்துவிடும். அன்றாடச் சாப்பாடே மாறத் தொடங்கும்.