இயந்திரம் முதலில் யாருடைய இடத்துக்கு வருகிறது?



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுக நீளும் தோல் தொழிலைப் பற்றி இன்று இரண்டு குரல்கள் கேட்கின்றன. தானியங்கி இயந்திரம் வந்தால் நம் வேலை போய்விடும் என்பது ஒன்று. இயந்திரத்துக்குச் சாதி தெரியாது, அது வந்தால் இழிதொழில் ஒழியும் என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க இந்த உரையில் முயல்கிறோம்.

பச்சைத்தோல் ஒன்று ஷூவாக மாறுவதற்குள் பல கைகளைக் கடக்கிறது. உப்பை உதறி ஊறவைப்பது, சுண்ணாம்பில் போட்டு முடி நீக்குவது, சதை சீவுவது ஆகியவை ஈர வேலை. பிறகு குரோமிய உப்போடு ட்ரம்மில் சுழற்றிப் பதனிடுகிறார்கள். உலர்த்தி, தேய்த்து, சாயம் தெளிக்கிறார்கள். அதன்பின் ஷூ கம்பெனியில் கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், பேக்கிங். ஈர வேலையில் தலைமுறைகளாக நிற்பவர்கள் பெரும்பாலும் தலித்துகள். தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

இந்த வரிசையில் கணினியும் சென்சாரும் முதலில் நுழையும் இடங்களைக் கவனியுங்கள். சாயம் தெளிக்கும் இயந்திரம் தோலின் விளிம்பைத் தானே உணர்ந்து, தோல் இருக்கும் இடத்தில் மட்டும் தெளிக்கிறது. அளக்கும் இயந்திரம் நொடியில் பரப்பளவைச் சொல்கிறது. கட்டிங்கில் கேமரா தோலின் வடுவையும் உண்ணிக்கடித் தழும்பையும் படம் பிடிக்க, கணினி வார்ப்புகளை நெருக்கி அடுக்க, கத்தி தானாக வெட்டுகிறது. தோல் எந்தப் பக்கம் இழுபடும், எந்த இடம் ஷூவின் முன்பகுதிக்கு ஆகும் என்று விரலால் அறிந்த கட்டரின் பல ஆண்டுப் படிப்பு இப்போது மென்பொருளுக்குள் போகிறது.

ஏன் இங்கே முதலில்? வெட்டும்போது வீணாகும் தோலும், தெளிக்கும்போது வீணாகும் ரசாயனமும் முதலாளிக்குப் பணம். ஆபத்து எங்கே அதிகம் என்று பார்த்து இயந்திரம் வருவதில்லை. எங்கே பொருள் விலை உயர்ந்ததோ, எங்கே கூலி உயர்ந்ததோ அங்கே வருகிறது.

ஈர வேலைக்கும் ட்ரம், சதை சீவும் இயந்திரம் எல்லாம் வந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் நனைந்த தோலைத் தூக்கிப் போடுவதும், கழிவுத் தொட்டியில் சேறு அள்ளுவதும் பல இடங்களில் இன்னும் மனித வேலைதான். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கழிவுச் சேறு மூடியது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவின் அளவைச் சொல்லும் சென்சார் அரிய பொருளல்ல. சாதியாலும் ஒப்பந்த முறையாலும் உயிர் மலிவாக்கப்பட்ட இடத்தில் இயந்திரம் 'கட்டுப்படியாகாத' பொருளாகிறது. இயந்திரத்துக்குச் சாதி தெரியாமல் இருக்கலாம்; அதை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கும் கணக்குக்குத் தெரியும்.

பெண்களின் தையல் வேலைக்கு என்ன ஆகும்? வளையும் தோலைக் கோணலும் வளைவுமாகப் பிடித்துத் தைப்பது ரோபோவுக்கு இன்னும் கடினம். ஜெர்மனியின் அடிடாஸ் நிறுவனம் அன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரோபோக்களைக் கொண்டு 'ஸ்பீட்ஃபாக்டரி' நடத்திப் பார்த்தது. 2019 நவம்பரில் இரண்டையும் மூடப்போவதாக அறிவித்தது. அந்தத் தொழில்நுட்பத்தை ஆசியாவில் உள்ள தன் உற்பத்தியாளர்களிடம் கொண்டுபோனது. ஆகவே, 'நாளையே எல்லாம் ரோபோ' என்ற மிரட்டலை நாம் நம்ப வேண்டியதில்லை. கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் அந்த மிரட்டல் வரும்.

உண்மையான மாற்றம் வேறு வாசல் வழியாக வருகிறது. 2012 முதல் பெரிய நிறுவனங்கள் ஷூவின் மேல்பகுதியை நூலால் ஒரே துண்டாக இயந்திரத்தில் பின்னிச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அங்கே தையல்காரரின் இடத்தில் ரோபோ உட்காரவில்லை. தையலே தேவையில்லாமல் போனது. தமிழக அரசின் 2022ஆம் ஆண்டுக் காலணிக் கொள்கைக்குப் பின் தோல் அல்லாத காலணி ஆலைகள் நம் வட்டாரத்திலும் காலூன்றுகின்றன. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ ஆலைக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. புதிய வேலை வரட்டும். ஆனால் ஆம்பூரில் நாற்பது வயதில் வெளியேற்றப்படும் பெண்ணுக்கு அந்த வாசல் திறக்குமா என்பதே நம் கேள்வி. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்களோ எந்த ஆலையின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் வேலை இழந்தால் அது வேலையிழப்பாகக்கூட எண்ணப்படாது.

ஒரு தொழில் நின்றால் என்ன ஆகும் என்பதை வட ஆற்காட்டு மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன தலித் குடும்பங்கள் சுரங்கத்தில் உழைத்தன. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் பிள்ளைகள் விடியலுக்கு முன்பே பெங்களூர் ரயில் ஏறுகிறார்கள்.

அதற்காக நாம் இயந்திரத்தின் எதிரிகள் அல்லர். கிராமத்துக்கும் கைத்தொழிலுக்கும் திரும்பச் சொன்ன காந்தியத்தை மறுத்து, குற்றம் இயந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலரே எடுத்துக்கொள்ளும் சமூக அமைப்பில் இருக்கிறது என்று வாதிட்டவர் அம்பேத்கர். வைசிராய் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையை வகித்தபோது எட்டு மணி நேர வேலைக்காக நின்றவரும் அவரே. இயந்திரம் நேரத்தை மிச்சப்படுத்துகிறதென்றால், அந்த நேரத்தில் தொழிலாளிக்குப் பங்கு எங்கே என்று கேட்கும் உரிமையை நாம் அங்கிருந்து பெறுகிறோம்.

சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது. ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர மாற்றத்தைச் செய்யுமுன் தொழிலாளருக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் அது நீடிக்கிறது. ஆனால் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி கட்டாயம் என்ற வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. குறித்த காலத்துக்கு எடுக்கப்பட்டவரின் காலம் முடிந்து அனுப்பினால் அது ஆட்குறைப்பே ஆகாது. நம்மவர்கள் அதிகம் நிற்பது இந்த ஓட்டைகளில்தான்.

எனவே தொழிற்சங்கத் தோழர்கள் புதிய இயந்திரம் இறங்கும் நாளிலேயே அந்த 21 நாள் அறிவிப்பைக் கேளுங்கள். முதல் சென்சார் கழிவுத் தொட்டிக்கு என்று கோருங்கள். புதிய இயந்திரத்தை இயக்கும் பயிற்சி முதலில் அதே பிரிவின் பெண்களுக்கும் ஈர வேலைத் தொழிலாளருக்கும் என்று எழுதி வாங்குங்கள். மாணவத் தோழர்கள் உங்கள் தெருவில் வீட்டிலிருந்தே தைக்கும் பெண்களைக் கணக்கெடுங்கள். யார் கணக்கிலும் இல்லாதவருக்கு யாரும் இழப்பீடு தருவதில்லை.