கேட்வேயில் தாமதத்தை அளப்பது எப்படி?

ஏபிஐ கேட்வே வழியாகப் போன ஒரு கோரிக்கைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று யாராவது கேட்டால், எங்கிருந்து எதுவரை என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். கேட்வேயாக ஓடுவது என்ஜின்எக்ஸ் சர்வர் என்றால், அதன் லாகில் இரண்டு எண்களைப் பதியலாம். 'ரிக்வெஸ்ட் டைம்', பயனரிடமிருந்து முதல் பைட் வந்தது முதல் பதிலின் கடைசி பைட்டை அனுப்பிவிட்டு லாக் எழுதும்வரை ஓடுகிறது. 'அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம்' பின்னாலிருக்கும் சர்வரோடு கழிந்த நேரம் மட்டும்.

முதலாவதில் இரண்டாவதைக் கழித்துவிட்டு, மிச்சமெல்லாம் கேட்வேயின் தாமதம் என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். அது தவறு. சிக்னல் சரியில்லாத இடத்திலிருந்து ஒருவர் பெரிய படத்தை ஏற்றுகிறார் என்று வையுங்கள். அமைப்பை மாற்றாதவரை, என்ஜின்எக்ஸ் படம் முழுவதையும் வாங்கிக்கொண்ட பிறகே பின்சர்வருக்குத் தள்ளும். ஏற்றுவதற்கு 8 விநாடி பிடித்தால் அந்த எட்டும் மிச்சத்தில் சேர்ந்து, ஒரு குற்றமும் செய்யாத கேட்வேயின் தலையில் விழும். இரண்டு எண்களோடு கோரிக்கையின் அளவையும் பதிந்துவைத்தால் இந்தப் பழி விலகும்.

சொந்தமாக அளவீட்டு நிரல் எழுதுபவர்கள், முன்னோக்கி மட்டுமே ஓடும் மோனோடோனிக் கடிகாரத்தையே பயன்படுத்த வேண்டும். சாதாரணக் கடிகாரத்தைக் கணினி அவ்வப்போது திருத்தும்; அது பின்னாலும் போகும். 2017 புத்தாண்டில் உலக நேரத்தைச் சரிசெய்ய ஒரு லீப் விநாடி சேர்ந்தபோது கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் நிரலில் கால வித்தியாசம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய், நிரல் நொறுங்கியது. அந்த நிரல் கோ மொழியில் எழுதப்பட்டது; அதே ஆண்டு வந்த கோ 1.9இல்தான் அந்த மொழியின் நேரக் கணக்கில் மோனோடோனிக் அளவு சேர்ந்தது.

சராசரியை நம்பாதீர்கள். 99 கோரிக்கைகள் 20 மில்லிசெகண்டிலும் ஒன்று 3 விநாடியிலும் முடிந்தால் சராசரி ஏறக்குறைய 50 மில்லிசெகண்ட்; அப்படியொரு வேகத்தை எந்தப் பயனரும் பார்க்கவில்லை. பர்சென்டைல் பாருங்கள். நூற்றில் 99 கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றனவோ, அதுதான் பி99. ஆனால் பத்து சர்வர்களின் பி99ஐக் கூட்டிப் பத்தால் வகுக்காதீர்கள். ஹிஸ்டோகிராம்களை ஒன்றாக்கி, அதிலிருந்து கணக்கிடுங்கள்.

லோட் டெஸ்டில் இன்னும் பெரிய ஓட்டை உண்டு. பல கருவிகள் ஒரு பதில் வந்த பிறகுதான் அடுத்த கோரிக்கையை அனுப்பும். கேட்வே 10 விநாடி உறைந்துவிட்டால், அந்த இணைப்பில் ஒரே ஒரு மெதுவான கோரிக்கைதான் பதிவாகும். அந்தப் பத்து விநாடியில் வந்து காத்திருக்க வேண்டிய மற்றவை கணக்கிலேயே வராது. பொறியாளர் கில் டெனே இந்த ஓட்டையைக் கோஆர்டினேட்டட் ஒமிஷன் என்று சுட்டிக்காட்டி, டபிள்யூஆர்கே2 என்ற கருவியையும் எழுதினார். கோரிக்கை எப்போது கிளம்பியிருக்க வேண்டுமோ, அந்த நொடியிலிருந்தே அது எண்ணத் தொடங்குகிறது.